சுந்தரராமனின் முப்பது பதார்த்தங்கள்

மாட்டுங்கா சங்கத்துக் கூடத்தில் ஞாயிறன்று பேச வேண்டிய பேச்சைச் சுந்தரராமன் சாப்பிட்டுக்கொண்டே ஒத்திகை பார்த்துவந்தார். எந்த நாடு தன் ஜனங்களை என்ன சாப்பிடச் சொல்கிறது என்பதுதான் விஷயம். அமெரிக்காக்காரன் கொழுப்பைக் குறை, சர்க்கரையைக் குறை, உப்பைக் குறை என்று குறைத்துக்கொண்டே போகிறான். ஸ்வீடன்காரன் கோபுரம் வரைந்து அடியில் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் வைக்கிறான். நம்மவர்கள் கிராம் கணக்கில் அட்டவணை போடுகிறார்கள். தராசு நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். சுந்தரராமனுக்குப் பிடித்தவன் ஜப்பான்காரன். போன வருஷம், எண்பத்தைந்தில், அவன் சொல்லிவிட்டான்: ஒரு நாளைக்கு முப்பது வகைப் பதார்த்தம் சாப்பிடு, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடு. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதைச் சுந்தரராமன் பிடித்துக்கொண்டார்.

எண்ணிச் சாப்பிட ஆரம்பித்தார். கடுகு ஒன்று, உளுத்தம்பருப்பு இரண்டு. முன்பெல்லாம் தட்டோரத்தில் ஒதுக்குகிற கறிவேப்பிலை, பிடிக்காத சேனை, கடைசிப் பிடி பீன்ஸ் எல்லாம் கணக்கில் சேர்ந்து உள்ளே போயின. தட்டு கழுவினாற்போல் இருந்தது. இத்தனை சமர்த்தாக அவர் தன் அம்மாவிடம்கூடச் சாப்பிட்டதில்லை. அவர் எழுந்தபின் மனைவி ருக்கு அதே தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவர்கள் வீட்டு வழக்கம். அந்த நேரத்தில் அவர் பேப்பரைப் பிரித்திருப்பார்.

மகள் கல்யாணமாகிச் செம்பூர் போனபின் வீட்டில் இருவர்தான். சமீபத்தில் ருக்குவுக்கு இரண்டு தடவை தலை சுற்றிவிட்டது. டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் போதவில்லை, இன்னொரு தடவை விழுந்தால் ஆஸ்பத்திரிதான் என்றார். "நன்னா சாப்பிடேன்டி" என்று சுந்தரராமனும் தன் பங்குக்குச் சொல்லிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சு ஜோராகப் போனது. தாம் நேற்று இருபத்தெட்டு வரைக்கும் வந்துவிட்டதாகச் சொன்னதும் கைதட்டல். அப்போது பாங்கியில் வேலைபார்க்கும் விஜயலக்ஷ்மி எழுந்தாள்.

"மாமா, மாமி நேத்திக்கு எத்தனை சாப்பிட்டா?"

கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு பதிலைத் தேடினார். சாதம், மோர், ஒரு நார்த்தங்காய்த் துண்டு. அதுவும் யூகம்தான். அவர் முழிப்பதைப் பார்த்துவிட்டுப் பெண்கள் வரிசையில் ருக்கு எழுந்து நின்றாள், முன் நாற்காலியைப் பிடித்தபடி.

"அவர் சாப்பிட்டதெல்லாம் நானுந்தான். கடுகு, உளுத்தம்பருப்பு, துவரம்பருப்பு, பீன்ஸ், தேங்கா, கேரட்டு..."

அவருடைய இருபத்தெட்டையும் வரிசை மாறாமல் ஒப்பித்தாள். எல்லாம் அவள் கையால் சமைத்ததுதானே. இந்தத் தடவை கைதட்டல் இன்னும் பலமாக விழுந்தது. சுந்தரராமனுக்குக் காது சுட்டது. யாராவது திட்டினால்தான் அவமானம் வரும் என்று அதுவரை நினைத்திருந்தார். மைக்கை யாரோ அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ருக்கு சாதம் வடித்து, அவருக்குத் தட்டு வைத்தாள்.

"நீயும் ஒரு தட்டு எடுத்துண்டு உக்காரு."

"எனக்கெதுக்குன்னா? இதுலயே சாப்பிட்டுப்பேனே."

"உக்காருங்கறேன்!"

சத்தம் போட்டுவிட்டார். அவளிடம் போய்க் கத்துகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. தானே எழுந்து, அலமாரியிலிருந்து விருந்தாளிகளுக்கான எவர்சில்வர் தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். விளிம்பில் வி. சுந்தரராமன் என்று பெயர் வெட்டியிருந்தது. வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான். பீன்ஸ் கறி வாணலியைத் தன் பக்கம் இழுத்தார். அடியில் ஒரு கரண்டி கறி இருந்தது.

"மீதி எங்கே?"

"மீதி ஏது? எப்பவும் உங்களுக்குக் காணறாப்பலதான் பண்றது. தட்டுல நீங்க கொஞ்சம் விடுவேளே, அது போறும் நேக்கு." கரண்டியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "இப்பதான் விடறதில்லை."

குறை சொல்கிற குரலாக இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வாணலியைச் சுரண்டி, இருந்த கறி முழுவதையும் அவள் தட்டில் போட்டார்.

"சாப்பிடு."

அவர் முதல் கவளம் எடுக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவள் எடுக்கட்டும் என்று அவர். சாதத்திலிருந்து எழுந்த ஆவி அடங்கிவிட்டது. கடைசியில் ருக்கு குனிந்து, விரல்நுனியால் பீன்ஸில் பாதியைத் தட்டின் ஓரத்துக்கு, பெயர் வெட்டியிருந்த பக்கமாக, அவருக்கென்று ஒதுக்கிவைத்தாள்.