மாலை வாடும்வரை

"கேட்டா தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க மேடம்." காரை விட்டு இறங்கும்போதும் வழக்கறிஞர் திருமாறன் அதையேதான் சொன்னார். தெரிந்திருந்தது என்று வந்துவிட்டால், புதுச் சட்டப்படி கம்பெனியோடு சேர்த்து இயக்குநர் யோகேஸ்வரி பேரிலும் வழக்கு வரும்.

தோட்டத்து ஆபீசில் தொழிற்பாதுகாப்பு அதிகாரி சைஃபுல் காத்திருந்தார். எதிரே தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர் சாமிநாதன் கைகட்டி நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ரோலர் மிஷின் பல்சக்கரத்து மூடியக் கழட்டினது யாரு?"

"நான்தான் சார். ஆயுத பூஜைக்கு முதலாளியம்மா சக்கரத்துல பொட்டு வைப்பாங்க. வருஷா வருஷம் கழட்டுறதுதான்லா."

"பூஜை முடிஞ்சு ஏன் போடல?"

சாமிநாதன் யோகேஸ்வரி பக்கம் திரும்பவேயில்லை. "மறந்துட்டேன் சார்."

பச்சைப் பொய். அன்று மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தவரைத் தடுத்ததே அவள்தான். மூடியைப் போட்டால் சக்கரத்துக்கு மேலே கட்டிய சாமந்தி மாலை நசுங்கும். பூஜை மாலை தானாக வாடும்முன் கை வைத்தால் அந்த வருஷம் விளங்காது என்பது அவள் அப்பா காலத்து நம்பிக்கை. "இருக்கட்டும் சாமி, வாடினதும் போட்டுக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மறுநாள் மிஷினும் ஓடியது. இந்த மலைக்குளிரில் பூ அவ்வளவு சீக்கிரம் வாடிவிடுமா என்ன? அது வாடுவதற்குள் ரோலரில் வேலை செய்த நவமணியின் வலது கை சக்கரத்துக்குள் போய்விட்டது.

பூஜையன்று அவளிடம் கற்பூரத் தட்டை நீட்டியதும் நவமணிதான்.

சைஃபுல் திரும்பினார். "மேடம், மூடி இல்லாம மிஷின் ஓடினது உங்களுக்குத் தெரியுமா?"

திருமாறன் தொண்டையைச் செருமினார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு யோகேஸ்வரி காரேறிப் போய்விடலாம். பழி சாமிநாதன் தலையில் விடியும். தட்டை நீட்டிய அந்தக் கை கண்ணைவிட்டு அகலவில்லை.

"தெரியும். போட வந்தவர வேணாம்னு சொன்னதே நான்தான்."

"மேடம்!" திருமாறன் ஃபைலைப் பட்டென்று மூடினார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" சைஃபுல் கேட்டார்.

"ஆமா. எழுதிக்குங்க."

பயம் போகவில்லை. ஆனாலும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. சாமிநாதன் கையெடுத்துக் கும்பிடுவார் என்றுகூட எதிர்பார்த்தாள், வெட்கக்கேடு. அவர் அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கே கெஞ்சினேனேம்மா. அப்பக் கேட்டிருந்தா அந்தப் புள்ளைக்குக் கை இருந்திருக்கும்லா."