ஊசி முனையில் ஒரு சொட்டு

கடலூரில் லேத் பட்டறை வேலை பார்த்த அருள்முருகனுக்குப் போன தை மாசம் பைக் சறுக்கி, வலது மணிக்கட்டில் நரம்பு அறுந்துபோனது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த பிறகும் கட்டைவிரலோடு சேர்த்து மூன்று விரல் மரத்தே கிடந்தது. விரலுக்குப் பயிற்சியாகக் களிமண் உருண்டையைப் பிசையச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். நாலு நாள் பிசைந்துவிட்டு, "நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று தூக்கி ஓரமாக வைத்துவிட்டான்.

மனைவி இலக்கியா தன் தம்பி எழிலனிடம் போனில் அழுதிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டான். கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே பஞ்சில் பொதிந்த குட்டி ரயில் இஞ்சின், முழ நீளத்துக்குத் தண்டவாளம், அதற்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன டப்பா. முப்பத்தைந்து வருஷப் பழைய ஜெர்மன் மாடல். வீட்டில் வேறு யாரையும் எழிலன் அதைத் தொட விட்டதில்லை.

"ஓடவே மாட்டேங்குது மாமா. கியர்ல பழைய கிரீஸ் இறுகிப்போச்சு. நீங்கதான் சர்வீஸ் பண்ணிக் குடுக்கணும்."

"இந்தக் கையாலயா? ஒடைச்சுப்புடுவேன் மச்சான்."

"ஒடைஞ்சா ஒடையட்டும்."

மேல்கூட்டைக் கழற்றவே மூன்று நாள் ஆனது. கடுகளவு ஸ்க்ரூ விரலில் இருப்பதே தெரியாமல் நழுவி விழும். இலக்கியா டார்ச் அடித்துத் தேடுவாள். கியர் பற்களில் கிரீஸ் வேப்பம்பிசின் மாதிரி அப்பியிருந்தது. பல்குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட பிரஷால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்தான். ஒரு மாசம் ஓடிவிட்டது.

எண்ணெய் போட்ட அன்று பிடி நழுவி, பாட்டிலே சாய்ந்துவிட்டது. சக்கரமெல்லாம் வழுவழுத்து, தண்டவாளத்தில் வைத்தால் இஞ்சின் நகராமல் சக்கரம் மட்டும் சுற்றியது. குற்ற உணர்ச்சியோடு எழிலனுக்குப் போன் போட்டான்.

"அப்ப மோட்டார் சுத்துதா மாமா!" எழிலன் கத்தியே விட்டான். "தொடைச்சுட்டு மறுபடி போடுங்க. ஜாஸ்தி வேணாம்."

எல்லாவற்றையும் திரும்பத் துடைத்தான். இந்த முறை ஊசி முனையில் எண்ணெயைத் தொட்டு, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, மோட்டார் தண்டின் கியருக்கு ஒரு சொட்டு, அச்சுக்கு ஒரு சொட்டு. போட வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் கவனித்தான், ஊசியின் சில்லிப்பு கட்டைவிரலில் லேசாகத் தெரிகிறது.

"இலக்கியா!" என்று அவன் போட்ட சத்தத்தில் அவள் அடுப்பை அணைக்காமலே ஓடிவந்தாள்.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் சிதம்பரம் போனார்கள். எழிலன் வீட்டுக் கூடத்தில் போட்டிருந்த தண்டவாளத்தில் இஞ்சின் நாலு பெட்டியை இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வளைந்து போனது.

"ஒரு டம்ளரக்கூட என் கையில குடுக்க எல்லாரும் பயந்தாங்க," என்றான் அருள்முருகன். "நீ இதக் குடுத்த மச்சான். நான் மறக்கமாட்டேன்."

"நெசத்தச் சொல்லட்டா மாமா? குடுத்துட்டு பஸ் ஏறுனதுலேர்ந்து திரும்பி வந்து வாங்கிட்டுப் போயிடலாமான்னு தோணிட்டே இருந்துச்சு."

இலக்கியா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அருள்முருகன் எழிலனின் கையைப் பிடித்தான், வலது கையால். பிடியில் இன்னும் பலம் வரவில்லைதான். ஆனாலும் விடவில்லை.