கருங்கோட்டை இலவசமான பிறகு

ஜெஸ்டினுக்கு வலது தோள்பட்டை கழன்று தனியாகத் தொங்குவதுபோல் இருந்தது. காலை ஷிப்ட் முழுக்கக் கப்பலின் மேல்தட்டில் நின்று, கன்டெய்னர் பெட்டிகளை இறுக்கிக் கட்டியிருந்த இரும்புக் கம்பிகளைக் கழற்றியிருந்தான். ஆளைவிட இரண்டு மடங்கு நீளக் கம்பி. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் கொக்கியை விடுவிக்க வேண்டும். இந்தத் தோளை வைத்துக்கொண்டு எவனும் வீட்டில் போய்ப் படுப்பான். ஜெஸ்டின் சோற்றை விழுங்கிவிட்டு மில்லர்புரத்துக்கு சைக்கிள் மிதித்தான். அங்கே சிவபாலன் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடையில் ஓர் அரக்கன் அவனை அடிக்கக் காத்திருந்தான்.

விளையாட்டின் பெயர் கருங்கோட்டை. எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு, கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, இணையத்தில் ஆடுவது. தூத்துக்குடிக்காரர்கள் பன்னிரண்டு பேர் ஒரு கூட்டம். கூட்டத்தின் பெயர் முத்துப்பார். அதில் ஜெஸ்டின் கேடயக்காரன். அரக்கன் அடிக்கிற அடியையெல்லாம் அவன் முன்னால் நின்று வாங்க வேண்டும். மற்றவர்கள் பத்திரமாகப் பின்னால் நின்று அம்பு விடுவார்கள், நெருப்பு விடுவார்கள்.

கூட்டத்தின் தலைவன் கிளைட்டன். மூன்று விசைப்படகு வைத்திருக்கும் ரோச் முதலாளியின் மகன். தெருவில் கிளைட்டனின் பைக் வந்தால் ஜெஸ்டின் சைக்கிளை ஓரமாக ஒதுக்குவான். கருங்கோட்டையில் ஒதுக்க வேண்டியதில்லை. மாதம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் கட்டினால் உள்ளே விடுவார்கள். அதற்குமேல் கோடி ரூபாய் வைத்திருந்தாலும் அங்கே வாங்குவதற்கு ஒன்றும் கிடையாது. ஆடித்தான் சம்பாதிக்க வேண்டும். எட்டு மாதம் ஆடி ஜெஸ்டின் தன் கேடயத்தைச் சம்பாதித்திருந்தான். அவன் முன்னால் நின்றால்தான் முதலாளி மகன் உயிரோடு இருப்பான். மூன்று வருஷமாக உலகத்தில் அவனுக்கென்று இருந்த மரியாதை அந்த ஓர் இடம்தான்.

அன்றைக்கு அவன் கடைக்குள் நுழைந்தபோது ஒரே கும்மாளம். அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது, எல்லோருக்கும் இலவசம் என்று கம்பெனி அறிவித்திருந்தது.

"ஒழிஞ்சுதுல சனியன்!" என்று நாற்காலியைச் சுற்றினான் தங்கதுரை. உப்பு லாரி ஓட்டுகிறவன். கிளைட்டன் சிரிக்குமுன் சிரித்து வைக்கிறவன்.

சிவபாலன் கல்லாவில் இருந்தபடியே பொருளாதாரம் பேசினார். "மாசாமாசம் காசு கேட்டா எவன்வே வருவான்? கட்டணந்தான் இந்த ஆட்டத்தக் கொன்னுது. உள்ள ஆளு இல்லாம ஈ ஓட்டுதாவ. வாசலத் தொறந்து விட்டாத்தான யாவாரம்? என் கடைய எடுத்துக்கிடும். உள்ள வாரதுக்கு நான் காசு கேக்கேனா?"

"மணிக்கு முப்பது ரூவா கேக்கேரே அண்ணாச்சி" என்றான் ஜெஸ்டின்.

"அது நாற்காலிக்கு வே."

"எனக்கு என்னமோ கட்டணம் இருக்கட்டும்னு படுது."

கடையே சிரித்தது. கிளைட்டன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். "கேட்டியால? மொதலாளி மவன் வேண்டாம்ங்கேன், கூலிக்காரன் வேணுங்கான். கம்பியத் தூக்கித் தூக்கிக் கோட்டி புடிச்சிட்டு இவனுக்கு."

"ஐநூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னா எனக்குக் கணக்குத் தெரியும்ல. ஒரு ஷிப்டு கூலி. அதுக்கு மேல எவனும் எங்கிட்ட கேக்க முடியாது. நாளைக்கு இவன் எதுக்குக் கேப்பான், எவ்வளவு கேப்பான்னு எனக்குத் தெரியுமா? கம்பெனிக்காரன் ஒனக்கு மாமனா மச்சானா, சும்மா சோறு போட?"

"ஒனக்குக் கட்டியே ஆகணும்னா எங்கிட்ட கட்டுல. நான் வாங்கிக்கிடுதேன்."

தங்கதுரை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

அடுத்த மாதம் கருங்கோட்டையின் வாசல் திறந்தது. சிவபாலன் சொன்னபடியே கூட்டம் வந்தது. பள்ளிக்கூடம் விட்ட கூட்டம், வேலைவெட்டி இல்லாத கூட்டம், வந்த நிமிஷத்திலேயே கண்டவன் தாயையும் திட்டிவிட்டு அடுத்த நிமிஷம் வேறு பெயரில் திரும்பி வரும் கூட்டம். காசு கட்டி வந்தவனுக்கு விரட்டப்பட்டால் காசு போச்சே என்ற பயமாவது இருந்தது. இவர்களுக்கு என்ன போகப்போகிறது? அரக்கனை ஜெஸ்டின் அடித்து வீழ்த்துவான். பின்னால் நின்ற எவனோ ஒருவன் புதையலை அள்ளிக்கொண்டு ஓடுவான். கம்பெனி இதற்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆள் கணக்கு ஏறிவிட்டதென்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டது.

கூட்டம் சேர்ந்ததும் திரையின் மூலையில் ஒரு கடை முளைத்தது. முதலில் தொப்பி, சால்வை என்று ஒன்றுக்கும் உதவாத சரக்கு. அப்புறம் குதிரை. அப்புறம் வில், வாள், கேடயம், எல்லாம் ஆடிச் சம்பாதித்ததைவிட மூன்று மடங்கு வலுவில். கூடவே, அவற்றை வாங்காதவனால் தாங்கவே முடியாத அரக்கர்களும் வந்திறங்கினார்கள். ஆடுவதற்குக் காசு கேட்டால் அது கொள்ளையாம். ஜெயிப்பதற்குக் காசு கேட்டால் அது இலவசமாம். இதைக் கண்டுபிடித்தவனுக்குப் பட்டம் கொடுத்திருப்பார்கள்.

அது மீன்பிடித் தடைக்காலம். ரோச் முதலாளியின் மூன்று படகும் கரையில் கட்டிக் கிடந்தன. அந்த நேரத்தில் கிளைட்டன் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வில் வாங்கினான்.

புது அரக்கனின் மூன்றாவது அடியில் ஜெஸ்டினின் கேடயம் உடைந்தது. அவன் செத்தான். அவனுக்குப் பின்னால் எல்லோரும் செத்தார்கள். மறுபடி போனார்கள், மறுபடி செத்தார்கள்.

"இந்தத் தகரத்த வச்சிக்கிட்டு எத்தன நாளைக்குல எங்களச் சாவடிப்ப?" என்றான் கிளைட்டன். "கயத்தாத்துல ஒருத்தன் புதுக் கேடயம் வாங்கி வச்சிட்டு எடம் கேட்டு நிக்கான். நீ வெளிய நில்லு."

ஜெஸ்டின் திரையின் மூலையில் இருந்த கடையைத் திறந்து பார்த்தான். கேடயத்தின் விலை எட்டாயிரத்து எழுநூறு.

அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளைட்டன் குரலைத் தாழ்த்தினான். அப்பாவிடமிருந்து அவன் கற்றுக்கொண்டது அந்தக் குரல் ஒன்றைத்தான். "எடம் வேணும்னா நானே வாங்கித் தாரேன். முன்பணமா வச்சிக்க."

கடற்கரையில் பிறந்தவனுக்கு அந்த வார்த்தையை விளக்க வேண்டாம். படகுக்காரர் தன் படகில் ஏறும் ஆளுக்கு முன்கூட்டியே கொடுக்கும் பணம் முன்பணம். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு படகில் கால் வைக்க முடியாது. எந்தப் படகுக்காரரும் ஏற்ற மாட்டார். ஜெஸ்டினின் அப்பா அந்த முன்பணத்தோடுதான் ரோச் முதலாளியின் படகில் இருபது வருஷம் வலை இழுத்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜெஸ்டின் கடலே வேண்டாம் என்று துறைமுகத்தில் கம்பி தூக்கப் போனான். கடலில் தப்பித்தவன் மில்லர்புரத்தில், முப்பது ரூபாய் நாற்காலியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தலையை ஆட்டினான்.

"சரி" என்றான்.

கேடயம் வந்தது. தகதகவென்று இருந்தது. அன்று அரக்கன் அடித்த அடியெல்லாம் கொசு கடித்ததுபோல் போயிற்று. அரக்கன் விழுந்ததும் தங்கதுரை நாற்காலியில் ஏறி நின்று கத்தினான்; சிவபாலன் நாற்காலியைப் பார்த்துக் கத்தினார்.

பிறகு பங்கு பிரிப்பு. முத்துப்பார் கூட்டத்தில் புதையலைப் படகு முறைப்படிதான் பிரிப்பார்கள். பாதி கூட்டத்துக்கு, மீதி ஆட்களுக்கு. அதற்கு முன்னால், எந்தக் கணக்கிலும் சேராமல், ஆளுக்கு ஒரு சின்னப் பொருள். அதன் பெயர் கறிமீன். படகு கரை சேர்ந்ததும், ஏலத்துக்கு மீன் போகுமுன், ஒவ்வொருவனும் வீட்டுக் குழம்புக்குக் கொஞ்சம் மீன் எடுத்துக்கொள்வான். அதில் முதலாளியும் கை வைக்க மாட்டார், கடன்காரனும் கை வைக்க மாட்டான்.

எல்லோருக்கும் ஒரு பச்சைக் கல் வந்தது. ஜெஸ்டினுக்கு வரவில்லை.

"ஏலே, என் கறிமீன் எங்க?"

"ஒன் பங்குக்கு நூறு ரூவா போட்டு முன்பணத்துல கழிச்சிருக்கேன். கல்லும் அதுலதான் போச்சு."

தங்கதுரைகூடச் சிரிக்கவில்லை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தான்.

"பங்க எடுத்தியா, எடுத்துக்க. வாங்கினவன் நான்" என்றான் ஜெஸ்டின். "கறிமீன்ல எப்படில கை வச்ச? எங்கப்பாவ ஒங்கப்பா திட்டாத திட்டு கெடையாது. ஒரு நாளு கறிமீன்ல கை வச்சிருப்பாராலே அவரு? போட்டுல ஏறியிருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். ஒனக்குத்தான் கரையில நின்னு போட்டப் பாத்தாலே கொமட்டும்."

கிளைட்டன் முகம் கறுத்தது. "கேம்ல என்னல கறிமீனு? ரெண்டு ரூவா பெறாத கல்லு."

"அப்பம் குடு."

"தரமாட்டேன். என்ன செய்வ?"

கூட்டத்தை விட்டு விலக ஒரு பொத்தான் உண்டு. ஜெஸ்டின் அதை அழுத்தினான். முத்துப்பார் என்ற பெயர் திரையில் அவன் வேடத்தின் தலைக்கு மேலிருந்து மறைந்தது.

"பொறுமையா இரும்வே, பேசிக்கிடலாம்" என்றார் சிவபாலன். "எந்திரிச்சிப் போனா மிச்ச அரமணிக்குக் காசு திருப்பித் தரமாட்டேன், சொல்லிட்டேன்."

மறுநாள் ஜெஸ்டின் கீழவைப்பார் ஈவாஞ்சலினுக்குப் போன் போட்டான். இறால் கம்பெனியில் தரம் பிரிக்கிறவள். கருங்கோட்டையில் இன்னொரு கூட்டத்துக்குத் தலைவி. அவளிடம் நல்ல கேடயக்காரன் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஒங்கள எடுக்க எனக்கு ஆசதான் அண்ணே" என்றாள். "கிளைட்டன் பாக்கி என்னாச்சு?"

"அதுக்குள்ள அங்கன வந்துட்டா சேதி? ஏளா, இது கேமு. ஓசிக் கேமு. யாரும் எங்கன வேணும்னாலும் போலாம்."

"கேமுதான். யாரு இல்லன்னா? ஆனா நீங்க முன்பணம்னு சொல்லித்தான வாங்கினீங்க? கைமாத்துன்னு வாங்கியிருந்தா கண்ண மூடிட்டு எடுத்திருப்பேன். எங்க அண்ணன் ரெண்டு பேரும் ரோச் மாமா போட்டுல நிக்காங்க. முன்பணக்காரன அவங்க தங்கச்சி இழுத்துட்டாளாம்னு நாளைக்கு அவருகிட்ட போயி கிளைட்டன் சொல்லுவான். சொல்லுவானா மாட்டானா?"

"சொல்லுவான்."

"பெறவு? அடச்சிட்டு வாங்க, அண்ணே. எடம் வச்சிருக்கேன்."

ஜெஸ்டின் கடைக்குப் போனான். கேடயத்தை விற்றுவிடலாம் என்று கம்பெனியின் கடையைத் திறந்தான். ஒருமுறை ஏந்திய பொருளை விற்க முடியாது, பிறருக்குக் கொடுக்கவும் முடியாது என்று எழுதியிருந்தது. பளபளக்கும் கேடயத்தோடு கோட்டை வாசலில் தனியாக நின்றான். முத்துப்பார் கூட்டம் அவனைத் தாண்டி உள்ளே போயிற்று. முன்னால் கயத்தாற்றுக்காரன் போனான். பெயர் தெரியாத பொடியன் ஒருவன் ஜெஸ்டினைச் சுற்றிச் சுற்றிக் குதித்துவிட்டு, கூட்டம் இல்லாத அநாதையா என்று எழுதிக் கேட்டான். திரையில், அவனோடு சேர்த்து, அந்த நேரம் உள்ளே இருந்த லட்சத்துச் சொச்சம் பேருக்கும் கம்பெனி நல்வரவு சொல்லிக்கொண்டிருந்தது.

சைக்கிளை எடுக்க வெளியே வந்தவனைக் கிளைட்டன் பைக்கில் இருந்தபடி கூப்பிட்டான். "எப்பம்ல தருவ?"

"தாரேன்."

நூறு கழித்தது போக, கிளைட்டனுக்கு ஜெஸ்டின் இன்னும் எட்டாயிரத்து அறுநூறு ரூபாய் தர வேண்டும்.