தண்ணீர் ஓட வேண்டும்

கொடைக்கானல் மலை ரோட்டில், டம்டம் பாறைக்கு மேலே ஒரு வளைவில் ஆம்புலன்ஸ் நின்றபோது ராஜமுருகனின் மகனுக்கு வயது இருபது நிமிடம். பிறந்ததும் அந்த ஆம்புலன்ஸில்தான். ஏழாம் மாதத்திலேயே வலி கண்ட ஷர்மிளாவைக் கொடைக்கானலில் பார்த்துவிட்டு, திண்டுக்கல்லுக்குக் கொண்டு போங்கள் என்று அனுப்பினார்கள். பையனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஊத்து கிராமம் தாண்டியதும் வந்துவிட்டான். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உருவம். அழவில்லை. தானாக மூச்சும் விடவில்லை.

மே மாதத்துச் சனிக்கிழமை மதியம். குளிர் பார்த்தே தீருவது என்று கிளம்பிய ஜனம் முழுக்க அந்த ஒரே ரோட்டில்தான் கிடந்தது. கீழே ஒரு சுற்றுலா வேன் குறுக்கே நின்றுபோயிருந்தது. அதை முந்தப் பார்த்த புத்திசாலிகள் இரண்டு பக்கமும் காரைச் சொருகி வைத்திருந்தார்கள். டிரைவர் வேல்ராஜ் இறங்கி ஓடி, ஒவ்வொரு காராகத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தான். சைரனுக்கு வழிவிட எல்லாருக்கும் ஆசைதான், நகரத்தான் இடமில்லை.

வண்டிக்குள் நான்கு பேர். ஸ்ட்ரெச்சரில் ஷர்மிளா, கையில் குளுக்கோஸ் ஊசி, இடுப்புக்குக் கீழே துணி துணியாக ரத்தம். எதிர் சீட்டில் துண்டில் சுற்றிய குழந்தை. அதன் முன்னால் முட்டி போட்டிருந்தவள் ஆம்புலன்ஸ் நர்ஸ் சண்முகவள்ளி. ஒரு கையால் குழந்தையின் வாயோடு மாஸ்க்கை அழுத்திப் பிடித்து, மறு கையால் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் அமுக்கினால்தான் அந்த நெஞ்சு ஏறும். வண்டிக்குள் சும்மா இருந்த கைகள் இரண்டுதான். அவை ராஜமுருகனுடையவை.

"ஏங்க," என்றாள் ஷர்மிளா. "புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துருங்க."

அவன் கேட்காதவன் போல ஜன்னல் பக்கம் பார்த்தான்.

கல்யாணமாகி மூன்று வருடம். ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்த கல்யாணம். பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பம் அவனுடையது. கொடைக்கானல் நாயுடுபுரத்துக் கிறிஸ்தவப் பெண்ணை அவன் அம்மா ஒரே ஒரு நிபந்தனையோடுதான் வீட்டுக்குள் விட்டாள். பிள்ளை பிறந்தால் முதல் முடி முருகனுக்கு, தலையில் வேறு தண்ணீர் விழக் கூடாது. ஷர்மிளா சரி என்றாள். அன்றிலிருந்து சர்ச்சில் பூசைக்குப் போனாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, நற்கருணை அப்பம் வாங்காமலேயே எழுந்து வருவாள். அதைப் பற்றி அவனிடம் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

இப்போது மட்டும் விடவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்த போனைத் தானே எடுத்து, பங்குச் சாமியார் ஃபாதர் ஆனந்துக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள். சிக்னல் ஒரே ஒரு கோட்டில் ஊசலாடியது.

"ஃபாதர், ரோட்ல மாட்டிக்கிட்டோம். புள்ளை தாங்காது போல. நீங்க வர முடியுமா?"

"நான் இப்பவே கெளம்புறேம்மா. ஆனா எனக்காகக் காத்திருக்காதீங்க. ஆபத்துன்னா யாரு வேணாலும் குடுக்கலாம்."

"அவுக இந்து, ஃபாதர்."

"இருந்தா என்ன? திருச்சபை என்ன செய்யுதோ அதைச் செய்யணும்னு மனசு இருந்தாப் போதும். கேக்குதா தம்பி? வெறும் தண்ணிதான். தலையில ஊத்தணும், தண்ணி ஓடணும். தொட்டு வெச்சா ஆகாது. ஊத்தும்போதே, 'தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்'னு சொல்லணும். ஊத்துறவரேதான் சொல்லணும். உசுரு இருக்கான்னு சந்தேகமாப் போச்சுன்னா, 'நீ உயிரோடு இருந்தால்'னு முன்னால சேத்துக்கங்க. செத்துப் போனவங்களுக்கு..."

அதோடு லைன் போய்விட்டது.

"கேட்டீங்கல்ல? வெரசா ஊத்துங்க."

ராஜமுருகன் தண்ணீர் பாட்டிலை எடுத்தான், மூடியைத் திறந்தான், அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் அந்த நேரத்தில் அவன் ஞாபகத்திலேயே இல்லை. ஞாபகத்தில் இருந்தது அப்பா. இரண்டு வருடம் முன்னால், இழுத்துக்கொண்டு கிடந்த அப்பாவைச் சுற்றி நின்ற சொந்தமெல்லாம், மூத்தவன் நீ பால் ஊத்துடா, நிம்மதியாப் போகட்டும் என்றது. கரண்டியால் ஊற்றினான். இரண்டாவது மடக்கு உள்ளே இறங்கவில்லை. அவனுக்குத் தெரிந்த வரையில், போகிறவர்களுக்கு ஊற்றுவது என்றால் போகச் சொல்வது. இருபது நிமிடப் பிள்ளையைப் போ என்று சொல்ல எந்தத் தகப்பனுக்குக் கை வரும்?

"நாடி எப்படி இருக்குங்க?" என்று சண்முகவள்ளியிடம் கேட்டான்.

அவள் பையை ஒரு நொடி விட்டு, தொப்புள்கொடியின் அடியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். "இருக்கு சார். அடிக்குது. பச்சைத் தண்ணியை நெறைய ஊத்திராதீங்க, சூடு எறங்கிரும். கொஞ்சமா, கைச் சூட்டுல வெச்சு ஊத்துங்க."

அடிக்கிறது என்று சொன்னாளே, பிறகு எதற்கு ஊற்ற வேண்டும்? அவன் அப்படித்தான் நினைத்தான். ஆனால் ஷர்மிளாவின் கண் அவன் மேலேயே இருந்தது. அதனால் பாட்டிலில் விரலை நனைத்தான். குழந்தையின் நெற்றியில், திருநீறு இடுகிற மாதிரி, குறுக்கே ஒரு இழு இழுத்தான். ஊற்றாமல் ஊற்றிய மாதிரி, அவளுக்கும் ஆயிற்று தனக்கும் ஆயிற்று என்று ஒரு கணக்கு. வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கவும் செய்தான்.

"அது திருநீறு இல்லைங்க!" அவள் எழுந்திரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஓடணும்னு சொன்னாருல்ல. ஊத்துங்க!"

"நீயே அந்த வார்த்தையச் சொல்லு. நான் அப்புறமா..."

"ஊத்துறவுகதான் சொல்லணும். ஏங்க இப்படிப் பண்றீங்க? ஒங்க அம்மாவுக்காகவா?"

"அம்மா இல்ல ஷர்மி. தண்ணி ஊத்தினா அவன் போயிருவான்."

அவள் கோபம் இறங்கிப் போயிற்று. அப்பா செத்த அன்று அவளும் அந்த வீட்டில்தானே நின்றாள்.

"இது அது இல்லைங்க," என்றாள் மெதுவாக. "அனுப்புறதுக்கு ஊத்துறதில்ல. செத்தவங்களுக்கு எங்க சாமியாரு ஒரு சொட்டு ஊத்த மாட்டாரு. உசுரோட இருக்கிறவங்களுக்குத்தான் இது. எம் புள்ளை உசுரோட இருக்கான்னு நெனச்சுத்தான் கெஞ்சுறேன். ஒங்களுக்கு அந்த நெனப்பு இல்லையா?"

அதைக் கேட்டதும் அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் மேல் ஒரு எரிச்சலும் வந்தது. மனுஷ மனசு அப்படித்தான், அடுத்தவர் மேல் பழி போட ஓர் இடம் கிடைத்தால் விடாது. உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றி மூடி, வயிற்றோடு சேர்த்து வைத்துச் சூடாக்கினான். விரல் இடுக்கில் பாதி ஒழுகிப் போயிற்று. மறுபடி ஊற்றினான், மறுபடி வைத்தான். வெளியே வேல்ராஜின் குரல் கம்மிப் போய்க் கேட்டது. முன்னால் நின்ற கார் ஒரு முழம் நகர்ந்தது.

குழந்தையின் பக்கம் குனிந்தான். சண்முகவள்ளி தொப்புள்கொடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடத்தை மாற்றிப் பிடித்தாள். நெஞ்சில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள், பையை அமுக்கினாள், மறுபடி பிடித்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சருக்கு முதுகைக் காட்டியிருந்ததால் அந்த முகத்தை அவன் மட்டுமே பார்த்தான். அவள் வாயைத் திறக்கவில்லை, பையை அமுக்குவதையும் விடவில்லை.

நீ உயிரோடு இருந்தால் என்று சேர்க்க வேண்டும். அது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஷர்மிளா காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள், அவளுக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஒரு வார்த்தை வந்தால் போதும், அவளுக்கு எல்லாம் தெரிந்துபோகும்.

அவன் சேர்க்கவில்லை. கையைச் சாய்த்தான். தண்ணீர் அந்த மெல்லிய தலைமுடியை நனைத்து, காதோரம் இறங்கி, துண்டுக்குள் ஓடியது. "தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்," என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னான். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

ஷர்மிளா சிலுவை போட்டுக்கொண்டு, "ஆமென்" என்றாள்.

வழியிலேயே இருந்த வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் சண்முகவள்ளி பையை அமுக்கிக்கொண்டே வந்தாள். டாக்டர் ஒரு நிமிடம் பார்த்தார், துண்டை மூடினார்.

ஷர்மிளா கத்தவில்லை. கட்டிலில் படுத்தபடி அவன் கையைப் பிடித்து, முகத்தோடு வைத்துக்கொண்டாள். "உசுரோட இருக்கும்போதுதானே ஊத்துனீங்க?"

"ஆமா."

"அது போதும்ங்க. இனி அவன் எங்க இருப்பான்னு எனக்குத் தெரியும். ஒங்க அம்மாகிட்ட நான் கால்ல விழுந்து சொல்லிக்கிறேன்."

அவன் கையை உருவிக்கொண்டு வெளியே வந்தான். வெயிலில் கண் கூசியது. ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து வைத்து, சண்முகவள்ளி ரத்தத் துணிகளை ஒரு மஞ்சள் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நெசமாச் சொல்லுங்க. நான் ஊத்தும்போது அவனுக்கு உசுரு இருந்துச்சா?"

அவள் திரும்பாமல் துணியைத் திணித்தாள். "இப்ப எதுக்கு சார் அதெல்லாம்?"

"எனக்குத் தெரியணும்."

"இல்ல சார். அதுக்கு முன்னாடியே நின்னுருச்சு." பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "மொதல்ல விரலால தொட்டு வெச்சீங்கல்ல, அப்ப இருந்துச்சு. நல்லாவே அடிச்சுச்சு."

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஃபாதர் ஆனந்த் தலைக்கவசத்தோடே உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் வார்டு ஆயா வெளியே வந்து, ராஜமுருகன் யாருங்க என்று கேட்டாள். சாமியார் ஞானஸ்நான நோட்டில் எழுதப் போகிறாராம். புள்ளைக்கு எப்படித் தண்ணி ஊத்துனாருன்னு வீட்டுக்காரரு வாயாலயே சொல்லட்டும் என்று உள்ளே அந்தம்மா கூப்பிடுகிறதாம்.