ரிட்டர்ன் போட்ட குடும்பம்

லோன் வேண்டுமென்றால் முதலில் இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் போட வேண்டும். வராத வருமானத்தை வந்ததாகக் காட்டினால்தான் பேங்க்காரன் நிமிர்ந்தே பார்ப்பான். தாராவியில் அவர்கள் சந்தில் பாதிப் பேர் செய்த வேலைதான். மாரிசெல்வியும் புருஷன் பேச்சிராஜாவைப் பிடுங்கியெடுத்துப் போட வைத்தாள். லோன் கிடைத்து, கரண்டில் ஓடும் பவர் தையல் மெஷின் வந்தது. பை தைத்தார்கள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போயின.

மறு வருஷமே பேச்சிராஜாவுக்கு இரண்டு கிட்னியும் கெட்டன. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். ஏழைகளுக்கான சர்க்கார் சலுகையில் இலவசமாகத்தான் நடந்தது, வருமானச் சான்றைப் புதுப்பிக்கப் போகிற வரைக்கும்.

கவுண்ட்டர் பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். இவ்வளவு வருமானம் உள்ளவர்களுக்குச் சலுகை கிடையாதாம். தீப்பெட்டி முதல் நூல்கண்டு வரை மாரிசெல்வி வரி கொடுத்துத்தான் வாங்குகிறாள். அதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறவில்லை. அந்த ஒரு பொய் மட்டும் ஏறிச் சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

"அது லோனுக்காகக் கூட்டிப் போட்டது மேடம்," என்று தெரிந்த இந்தியில் கெஞ்சினாள்.

"அப்போ பேங்க்கை ஏமாத்தினீங்களா?" அந்தப் பெண் அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

வெளியே பெஞ்சில் இருந்த பேச்சிராஜா அவள் வந்து சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "நாம பணக்காரங்க ஆயிட்டோம்ட்டி. ஊர்ல யார்ட்டயும் சொல்லிராத, கோயில் கொடைக்கு ரெண்டு வரி கேப்பானுவ."

"மெஷின வித்துருவோம்."

"வித்துட்டு? பிள்ளைக எதத் திங்கும்?"

காசு கொடுத்துக் கொஞ்ச நாள் ஓட்டினார்கள். அவள் கழுத்திலும் காதிலும் கிடந்தது போனது. பிறகு ஒருநாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனவன் சீக்கிரமே திரும்பி வந்தான். கால் வீக்கத்தில் செருப்பு நுழையாமல் கையில் தூக்கி வந்திருந்தான்.

"டாக்டர் சொல்லிட்டாவ செல்வி. இனி வாரத்துக்கு ஒண்ணு போதுமாம். உடம்பு தேறிருக்காம்."

பொய். அவளுக்குத் தெரியாதா? அந்தக் காலைப் பார்த்தால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மெஷினை விற்றால் அவன் இன்னும் கொஞ்ச காலம் இருப்பான்; அதற்கப்புறம் அவனும் இருக்கமாட்டான், சோறும் இருக்காது. இரண்டு பிள்ளைகளும் அப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. பொய் சொல்லாதீங்க என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள்.

"அப்படியா, நல்லதாப் போச்சுங்க," என்றாள்.