அரை டம்ளர் ஏலக்காய்ப் பால்

காலை ஏழரை மணிக்கு என் மகளுக்கு அரை டம்ளர் ஏலக்காய்ப் பால் கொடுத்தேன். ஒன்பது மணிக்கு அவளுக்கு ஆபரேஷன்.

இப்போது இரண்டு வரியில் எழுதிவிட்டேன். வாய்விட்டுச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

போடியில் ஏலக்காய் தரம் பிரித்து விற்கும் கடை என்னுடையது. காயை உள்ளங்கையில் உருட்டியே பருமன் எத்தனை எம்எம் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில் வேறு எதையும் நான் படித்துப் பார்ப்பதில்லை. ஜெஸ்ஸிக்கு ஆறு வயது. இருமினால் அடிவயிற்றில் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு வரும். குடலிறக்கம், சின்ன ஆபரேஷன்தான், மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள் தேனியில் நாங்கள் சேர்த்த ஆஸ்பத்திரியில். முதல் நாள் சாயங்காலமே ஒரு தாள் கொடுத்தார்கள். பெற்றோர் கவனத்துக்கு என்று தமிழில், கொட்டை எழுத்தில், பின்னால் குறை சொல்ல வழியே இல்லாதபடி அச்சடித்திருந்தார்கள். வாங்கிய கையோடு அதைப் பொட்டலமாக மடித்து, சட்டைப் பையில் உதிரியாகக் கிடந்த சாம்பிள் காய்களை உள்ளே போட்டுவைத்தேன். எங்கள் தொழிலில் காகிதத்துக்கு அதுதான் உபயோகம்.

வெறும் வயிற்றோடு இருக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாமலும் இல்லை. நர்ஸ் வாயாலும் சொல்லியிருந்தார். ஆனால் பக்கத்துக் கட்டிலில் மகனை வைத்திருந்த ராசிங்காபுரத்துச் சுருளிவேல், "மயக்க மருந்து குடுத்தா பிள்ளைக கொடங்கொடமா வாந்தி எடுக்கும்ணே. எம் மகன் எடுத்து ஓஞ்சு போனான்" என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தார்.

வாந்தி என்றால் எங்கள் ஊர்க்காரன் சும்மா இருப்பானா? போடிமெட்டுக்கு ஜீப்பில் ஏறுகிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கும் ஏலக்காய்தான் மருந்து. ஜெஸ்ஸி மூன்றாவது வளைவிலேயே கக்குகிற ஆள். ஏலக்காய் தட்டிப் போட்டுப் பால் கொடுத்துக் கூட்டிப்போனால் மேலே தோட்டம் வரைக்கும் பாடிக்கொண்டே வருவாள். மயக்க மருந்தை நான் பதினெட்டாவது வளைவு என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி ஷெர்லின் குளிக்கப் போயிருந்த நேரம். பிள்ளை வேறு, "அப்பா பசிக்குதுப்பா" என்று அழுதாள். கேண்டீனில் பால் வாங்கி நாலு காயைத் தட்டிப் போட்டேன்.

"அம்மாகிட்டயும் சொல்லக்கூடாது, டாக்டர்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சத்தியமா சொல்ல மாட்டேன்பா" என்று மேலுதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டர் சந்திரவல்லி கேட்டார். "காலையில பாப்பாவுக்கு என்னமாச்சும் குடுத்தீங்களா?"

"ஒண்ணுமே குடுக்கல மேடம். பட்டினி போட்டுத்தான் கொண்டாந்திருக்கோம்."

அவர் குனிந்து பிள்ளையிடமும் கேட்டார். ஜெஸ்ஸி என்னைப் பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையாட்டினாள்.

மயக்கம் ஏறும்போதே வாந்தி வந்து, கொஞ்சம் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. ஆபரேஷன் நடக்கவில்லை. நேராக ஐசியூ. தொண்டைக்குள் குழாய், அவளுக்குப் பதிலாக மிஷின் மூச்சு விட்டது. சந்திரவல்லி வெளியே ஓடிவந்து மறுபடி கேட்டார், "உண்மையச் சொல்லுங்க, என்ன குடுத்தீங்க?" ஷெர்லின் பக்கத்தில் நின்றாள். மறுபடியும், ஒன்றுமில்லை என்றேன்.

அதற்குப் பிறகு, இது எதனால் ஆனது என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சுற்றிவளைத்துக் கேட்டேன். ஆபரேஷன் செய்ய வேண்டிய பெரிய டாக்டர், "எங்கயாச்சும் ஒருத்தருக்கு இப்பிடி ஆகுறதுதான், பாப்போம்" என்று நடந்துகொண்டே சொன்னார். மச்சான் ஜோசப் தோளில் கை போட்டு, "எல்லாம் ஆண்டவர் சித்தம் மாப்ளே" என்றார். ஆண்டவரா கேண்டீனில் வரிசையில் நின்றார்? ஐசியூ வாசல் கூட்டுகிற மூக்கம்மாளிடமும் கேட்டேன்.

"ஏத்தா, ஆபரேஷனுக்கு முன்னாடி பால் குடிச்சா இப்பிடி ஆகுமா?"

"யாரு குடிச்சா?"

"சும்மா, பொதுவாக் கேட்டேன்."

"இது பொதுவாக் கேக்குற மூஞ்சியா அப்பு? போ, போயி மொதல்ல வெரசா ஒரு காப்பித் தண்ணியக் குடிச்சிட்டு வா. நீயும் விழுந்துட்டா உன்னையத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல."

இரண்டாம் நாள் மத்தியானம் சந்திரவல்லி ஐசியூவிலிருந்து வெளியே வந்தார். நான் எழுந்திருப்பதற்குள் ஷெர்லின் அவர் முன்னால் போய் நின்றாள். இரண்டு நாளாகச் சீவாத தலை.

"மேடம், ஆபரேஷனுக்கு மொத நாள் ராத்திரி ஒம்பது மணிக்கு இவளுக்கு ஒரு வாய் கூடுதலாச் சோறு ஊட்டிட்டேன். வேணாம்னுதான் சொன்னா. நான்தான் திணிச்சேன். அதுனாலயா மேடம்? எம் பிள்ளைய நானே இப்பிடி ஆக்கிட்டேனா?"

போடிக் கடைத்தெருவில் என்னை விடப் பெரிய வாய் கிடையாது. அது அப்போதுதான் திறந்தது.

"இல்ல மேடம். காலையில நான் பால் குடுத்தேன். ஏழரைக்கு. ஏலக்காய் போட்டு. வாந்தி வராம இருக்கும்னு."

ஷெர்லின் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பாவது கிடைத்திருக்கும். இரண்டடி தள்ளிப்போய்ச் சுவரோடு நின்றுகொண்டாள்.

"தெரியும்" என்றார் சந்திரவல்லி. "குழாய் விட்டு உறிஞ்சினப்ப பால்தான் வந்துச்சு. தியேட்டர் முழுக்க ஏலக்காய் வாசம்."

"பிழைச்சுக்குவாளா மேடம்?"

"காய்ச்சல் இறங்கியிருக்கு. நாளைக்குக் குழாயை எடுத்துப் பாக்கணும். தானா மூச்சு விட்டாள்னா தேறிருவா. விடலன்னா திரும்பப் போடணும். இன்னைக்கு என்னால இதுக்கு மேல சொல்ல முடியாது."

"பெரிய டாக்டர் யாருக்காச்சும் இப்பிடி ஆகும்னாரு. மச்சான் ஆண்டவர் சித்தம்ங்கிறாரு. நீங்களாச்சும் சொல்லுங்க மேடம். இது என்னாலயா?"

அவர் ஷெர்லினை ஒரு முறை பார்த்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

"ஆமா. உங்களாலதான். பால் வயித்துக்குள்ள திரிஞ்சு கெட்டியாயிரும், இறங்க ஆறு மணி நேரமாச்சும் ஆகும். அதுல ஏலக்காய் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். ஆனா குடுத்தது கூடப் பெரிசில்ல, தினம் ஒரு அப்பா அம்மா குடுத்துட்டு வந்து நிப்பாங்க. வாசல்ல நான் கேட்டப்ப ஆமான்னு சொல்லியிருந்தா, மத்தியானம் ரெண்டு மணிக்குத் தள்ளி வச்சிருப்பேன். அவ்வளவுதான் சார் ஆகியிருக்கும்."