துப்பாக்கி இல்லாதவன் வாங்கின ஸ்கோப்பு

பங்காளிக் காய்ச்சல்னு ஒண்ணு இருக்குதுங்க. தெர்மாமீட்டர் வெச்சாத் தெரியாது, மாத்திரை போட்டாலும் எறங்காது. நஞ்சுண்டனுக்கு அது பொறந்ததுல இருந்தே இருந்துச்சு. அவனும் அவன் பெரியப்பன் மகன் கிருபாசங்கரும் ஒரே ஐப்பசியில பொறந்தவங்க. கிருபாசங்கர் தீவாளிக்கு முந்தி, நஞ்சுண்டன் தீவாளிக்குப் பிந்தி. இந்தச் சித்த நாள் வித்தியாசத்துக்காக ஆயுசு முழுக்க ஒருத்தனை அண்ணான்னு கூப்பிடோணுமான்னு நஞ்சுண்டனுக்கு வீம்பு. ஊரே 'உங்கண்ணன், உங்கண்ணன்'னு சொன்னாலும் இவன் வாயில அந்த வார்த்தை வராது. அதுக்காக மரியாதை இல்லாதவன்னு நெனச்சுப்போடாதீங்க. ஏனுங்க, எப்ப வந்தீங்க, சாப்பிட்டீங்களான்னு வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவான். 'ங்க' எத்தனை வேணும்னாலும் போடுவான், 'அண்ணா' மட்டும் போடமாட்டான். நம்ம ஊர்ல ஒருத்தனைத் தள்ளி வெக்கறதுக்கு இதைவிடப் பதவிசான வழி கெடையாது.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கால, மலையடிவாரத்துல ரெண்டு பேர் தோட்டமும் பக்கம் பக்கம். நடுவால இட்டேரின்னு ஒரு வண்டித் தடம், அதுக்கு ரெண்டு பக்கமும் கிளுவை வேலி. இக்கட்டால நஞ்சுண்டனோட மக்காச்சோளம். அக்கட்டால கிருபாசங்கரோட தென்னை, அதுக்கு நடுவுல புதுசா வெச்ச வாழைக்கன்னு, ஒரு மாடி வீடு. கிருபாசங்கர் கோயமுத்தூர் துடியலூர்ல பம்புசெட் கம்பெனி வெச்சிருக்கறவன். சனிக்கெழமை ஆனாக் காரை எடுத்துட்டுத் தோட்டத்துக்கு வந்துருவான். பெரியப்பன் காலத்து லைசென்ஸ் ரைபிள் ஒண்ணு அவங்கிட்ட இருக்குது. தேர்தல் வந்தா அதை ஸ்டேஷன்ல ஒப்படைக்கோணும். கிருபாசங்கர் அதைத் துணியில சுத்தித் தூக்கிட்டுப் போறதைக்கூட நஞ்சுண்டன் வயிறு எரியப் பாத்துட்டு நிப்பான். ஒப்படைக்கறதுக்குக்கூட நமக்கு ஒண்ணும் இல்லையேன்னு.

அந்த வருசம் காட்டுப்பன்னி நெம்ப அதிகம். பொழுது எறங்கினாப் போதும், கூட்டமா வந்து உழுதுபோட்டுப் போயிரும். கிருபாசங்கர் என்ன பண்ணுனான், ரைபிள் மேல மாட்டற தெர்மல் ஸ்கோப்பு ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டான். இருட்டுல ஒடம்புச் சூட்டை வெச்சு உருவத்தைக் காட்டற கருவி. பன்னி வெள்ளை வெளேர்னு தெரியும், மத்ததெல்லாம் கருப்பு. மொட்டை மாடியில உக்காந்து பாப்பான், பன்னி தெரிஞ்சா வானத்தைப் பாத்து ஒரு வெடி. பன்னியைச் சுடக்கூடாதுன்னு சட்டம் இருக்குது, அது அவனுக்குத் தெரியும். பன்னிக்குச் சட்டம் தெரியாதே. வெடிச் சத்தத்துக்கு மெரண்டு இட்டேரியைத் தாண்டி நேரா நஞ்சுண்டன் சோளத்துக்குள்ள வந்து விழும்.

இது பத்தாதுன்னு ஊர்ச் சனம் வேற. சனிக்கெழமை சாயந்திரம் ஆனா அந்த மாடிக்குத் திருவிழாக் கூட்டம். பால் சொசைட்டிக்காரர் ஏறிப் பாத்துட்டு வந்து ஊரெல்லாம் அதே பழமை பேசிட்டுத் திரிஞ்சார். ஒரு நாள் நஞ்சுண்டன் பொண்டாட்டி மோகனப்பிரியாவும் மக நித்யஸ்ரீயும் போயிட்டு வந்தாங்க. சோத்துல உக்காந்திருக்கறவன்கிட்ட அந்தப் புள்ள சொல்லுது, பெரியப்பா ஸ்கோப்புல மொசலோட காதுகூடத் தனியாத் தெரியுதுங்கப்பான்னு. நஞ்சுண்டனுக்கு அதுக்கு மேல சோறு எறங்கல. எந்திரிச்சுக் கை கழுவிட்டான்.

அடுத்த வாரமே பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனான். டவுன்ஹால் பக்கம் ஒரு சந்துக்குள்ள உவைஸ்னு ஒருத்தர் கடை. பைனாகுலர், டார்ச்சு, இந்த மாதிரிச் சாமானெல்லாம் விக்கறவர். உள்ள நுழைஞ்சதும் உவைஸ் கேட்ட மொதக் கேள்வி, எதைப் பாக்கோணும், எத்தனை தூரத்துலங்கறது. பன்னின்னு சொன்னான் நஞ்சுண்டன். சொல்லும்போது அவன் மனசுல பன்னி இல்லீங்க. மொட்டை மாடிதான் இருந்துச்சு.

உவைஸ் ஒவ்வொண்ணா எடுத்து வெச்சார். கொறஞ்ச வெலையில நைட் விஷன் இருக்குது, ஆனா அது கண்ணுக்குத் தெரியாத ஒரு டார்ச்சு அடிச்சுத்தான் பாக்கும், சோளத்தட்டுக்குள்ள அடிச்சாக் கிட்ட இருக்கற எலை மேல பட்டு எல்லாம் வெள்ளையாப் போயிரும்னார். அதனால தெர்மல்தான். அதுலயும் பெரிய லென்சு போட்டது எட்டத்துல இருக்கறதைக் கிட்ட இழுக்கும், ஆனாக் கிட்டத்துல இருக்கறதுக்குத் திருப்பித் திருப்பி ஃபோகஸ் வெச்சுட்டே இருக்கோணும். சின்ன லென்சு எட்டத்துக்கு ஆகாது, கிட்டத்துக்கு நல்லாருக்கும், வெலையும் கம்மி. அட்டையில ஆயிரம் மீட்டர்னு போட்டிருக்கறதைப் பாத்து ஏமாந்துறக்கூடாதுன்னும் சொன்னார்.

"அந்த ஆயிரம் மீட்டர், அங்க ஏதோ சூடா ஒண்ணு இருக்குதுன்னு தெரியற தூரங்க. அது பன்னியா மனுசனான்னு தெரியற தூரம் வேற. அது நெம்பக் கம்மி."

நஞ்சுண்டன் தலையை ஆட்டுனான். அப்பறம் உவைஸ், உங்ககிட்ட என்ன ரைபிள்னு கேட்டார். ரைபிள் இல்லைன்னான். அப்ப எதுக்குங்க ஸ்கோப்பு, கையில புடிச்சுப் பாக்கற மோனாகுலரே போதுமே, வெலையும் மிச்சம், தூக்கவும் லேசுன்னு நல்ல மனுசனாச் சொல்லிப் பாத்தார். எங்க ஏறும்? பங்காளிகிட்ட இருக்கறது ஸ்கோப்பு. மோனாகுலர் வாங்கிட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்? அவனுக்கு ஸ்கோப்பு, இவனுக்குப் பைனாகுலர்ல பாதின்னு சொல்லும். சின்ன லென்சு ஸ்கோப்பையே வாங்கிட்டான். உவைஸ் மெனுவைப் பத்தி என்னமோ சொல்ல ஆரம்பிச்சார். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டான்.

வூட்டுல மோகனப்பிரியா பொட்டியைப் பிரிச்சுப் பாத்தா. அவளுக்கு எடுக்கறதா இருந்த தோடு இந்த வருசமும் இல்லைன்னு அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. ஏனுங்க, குதிரை வாங்கறதுக்கு முந்தியே சேணம் வாங்கியாச்சாக்கும்னு மட்டும் கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

ஸ்கோப்புன்னா நடுவுல குறி பாக்கறதுக்கு ஒரு கூட்டல் அடையாளம் இருக்கும். எதைப் பாத்தாலும் அது மேல அந்தக் கூட்டல் உக்காந்துக்கும். மொதச் சனிக்கெழமை ராத்திரி நஞ்சுண்டன் தோட்டத்துல இருக்கற தன்னோட சாளை வூட்டுல நின்னு மலைப் பக்கம் பாத்தான். ஒரு நாய் தெரிஞ்சுது, நாய் மேல கூட்டல். மாட்டைப் பாத்தான், மாட்டு மேல கூட்டல். அப்பறம் கை தானா அக்கட்டால திரும்புச்சு. கூட்டம் எறங்கிப் போன மொட்டை மாடியில வெள்ளையா ஒரு உருவம் உக்காந்திருக்குது. அது நெஞ்சு மேல போயிக் கூட்டல் நின்னுது.

உள்ளதைச் சொல்லோணும்ங்க. அப்ப நஞ்சுண்டனுக்கு வயித்துல குளுகுளுன்னு இருந்துச்சு. பொறந்ததுல இருந்து எரிஞ்ச வயிறு. சுடறதுக்குத் துப்பாக்கியும் இல்லை, சுடற எண்ணமும் இல்லை. இருந்தாலும் அந்த ஆளு நம்ம கூட்டலுக்குள்ள உக்காந்திருக்கறான், அது அவனுக்கே தெரியாதுங்கறதுல ஒரு சொகம். அதுக்கப்பறம் சனிக்கெழமை தவறாது. பன்னி பாட்டுக்கு வந்து சோளத்தை முறிச்சுட்டுக் கெடக்கும், இவன் பங்காளி நெஞ்சு மேல கூட்டலை வெச்சுட்டு நிப்பான். மக்காச்சோளம் பாதி போச்சு. மோகனப்பிரியா கேட்டா, பாத்துட்டுத்தான இருக்கறேன்னு எரிஞ்சு விழுவான். அவன் பாத்துட்டுத்தான் இருந்தான், அதுல பொய் இல்லை.

ஆனா ஒரு கொறை. சாளையில இருந்து பாத்தா மூஞ்சி தெரியல. வெள்ளையா ஒரு பொம்மை மாதிரி உக்காந்திருக்கறான், சிரிக்கறானா மொறைக்கறானான்னு வெளங்கல. சின்ன லென்சுக்கு அவ்வளவுதான் எட்டும், உவைஸ் சொன்னது சரிதான். பன்னி பாக்க வாங்குனவனா இருந்தா அதோட விட்டிருப்பான். இவனுக்கு மூஞ்சி வேணும். அந்த மாடியில உக்காந்துட்டு அவன் எப்படிச் சந்தோசப்படறான்னு கண்ணால பாத்தே ஆகோணும். அதனால அந்தச் சனிக்கெழமை, பொழுது எறங்கி வெளக்கு வெக்கற நேரத்துக்கு, ஸ்கோப்பைக் கழுத்துல மாட்டிட்டுச் சோளத்துக்குள்ள பூந்தான். நிமுந்து நடந்தாத் தலை தெரியும். கை ரெண்டையும் மண்ணுல ஊனி, முட்டி போட்டுத் தவழ்ந்துட்டே இட்டேரி வேலியோரம் வரைக்கும் போனான். சோளத்தட்டு சலசலன்னு ஆடுச்சு. அதை அவன் கண்டுக்கல.

வேலிச் சந்துல ஸ்கோப்பை வெச்சான். ஃபோகஸைத் திருப்புனான். ஆகா, மூஞ்சி தெரிஞ்சுது. கண்ணாடி போட்ட எடம் மட்டும் கருப்பா, மூக்கு நுனி மங்கலா, கன்னம் வெள்ளையா. கிருபாசங்கர் சிரிக்கல. எப்பவும் வர்ற கூட்டமும் இல்லாம, பேசறதுக்குக்கூடப் பக்கத்துல ஆள் இல்லாம, தாடையில கை வெச்சுத் தனியா உக்காந்திருந்தான். அன்னைக்கு வந்ததும் வராததுமா வாழைக்கன்னைப் போயிப் பாத்திருக்கறான். வாரத்துக்குள்ள பன்னி அத்தனையும் தோண்டிப் போட்டுட்டுப் போயிருக்குது. அது நஞ்சுண்டனுக்குத் தெரியாது. கூட்டலை எடுத்து நெஞ்சு மேல வெச்சான்.

அப்பத்தான் கிருபாசங்கர் தலை திரும்புச்சு. சோளம் ஆடற பக்கமா ரைபிளைத் தூக்குனான். நஞ்சுண்டன் ஸ்கோப்புக்குள்ள, அந்த வெள்ளை மூஞ்சிக்கு முன்னால வட்டமாக் கருப்பா ஒரு கண்ணு வந்து நின்னுது. அந்தக் கண்ணு நேரா இவனைப் பாத்துது. அது மேல ஏறும், வானத்துக்குப் போகும்னு இவன் காத்திருந்தான். எப்பவும் அப்படித்தான போகும்? அன்னைக்குப் போகல.

இப்ப யாரு யாரோட கூட்டலுக்குள்ள இருக்கறான்னு நஞ்சுண்டனுக்குப் புரிஞ்சுபோச்சு. ஏனுங்கன்னு கூப்பிடப் பாத்தான். தொண்டையில இருந்து உர்ருன்னு ஒரு சத்தம் வந்துச்சு, அதுவும் பன்னி உறுமற மாதிரியே. ரைபிள் இன்னும் கொஞ்சம் கீழ எறங்குச்சு. அந்த நேரத்துல 'ஏனுங்க' எதுக்கு ஆகும்? ஊர்ல ஆயிரம் பேர் ஏனுங்கதான். நாப்பது வருசமா உள்ள பூட்டி வெச்சிருந்த வார்த்தை பூட்டை ஒடைச்சுட்டு வெளிய வந்துச்சு.

"அண்ணா... அண்ணா, நானுங்க. நஞ்சுண்டனுங்கண்ணா."

வெடி வெடிச்சுது. தென்னை மேல இருந்த கொக்கெல்லாம் எந்திரிச்சுப் பறந்துச்சு. கடைசி நொடியில ரைபிள் மேல போயிருச்சு. நஞ்சுண்டன் சோளத்துக்குள்ள குப்புற விழுந்து, தனக்கு எங்க ஓட்டை விழுந்திருக்குதுன்னு தடவிப் பாத்துட்டே கெடந்தான்.

கிருபாசங்கர் செருப்பில்லாம ஓடி வந்தான். கிளுவை முள்ளு கையைக் கிழிச்சதுகூடத் தெரியாம ரெண்டு வேலியையும் தாண்டிக் குதிச்சு, இவனைப் புடிச்சு உக்கார வெச்சான். வாழைக்கன்னெல்லாம் பன்னி தோண்டிப் போட்ட கோவத்துல இன்னைக்கு ஒண்ணையாவது சாய்ச்சுப்போடலாம்னு நெனச்சதையும், சட்டமாவது மண்ணாவதுன்னு விசையில வெரலை வெச்சதையும் திக்கித் திக்கிச் சொன்னான்.

"என்னுது பெரிய லென்சு, ஃபோகஸை எட்டத்துக்கு வெச்சுட்டு இருந்தனாடா... எனக்கு நீ பன்னியாத்தான் தெரிஞ்சே, கண்ணு. நீ அண்ணான்னு கூப்பிடலீன்னா..."

கிருபாசங்கர் மூச்சு வாங்கிட்டே, கீழ கெடந்த ஸ்கோப்பை எடுத்து மண்ணைத் தட்டுனான். என்ன கம்பெனின்னு பொரட்டிப் பாத்தான். எடுத்துக் கண்ணுல வெச்சுத் தன்னோட மாடியையே பாத்தான். வெடிச் சத்தம் கேட்டு, என்னாச்சுன்னு பாக்க மாடியேறி வந்திருந்த அவனோட தோட்டத்து வேலையாளு அங்க நின்னுட்டு இருந்தான்.

"அட, கிட்டத்துல என்னுதவிடத் தெளிவா இருக்குதேடா," கிருபாசங்கர் குரல்ல, அந்த நேரத்துலயும், ஒரு சின்னப் பொறாமை எட்டிப் பாத்துது. நஞ்சுண்டன் பொறந்ததுல இருந்து கேக்கோணும்னு காத்திருந்த குரல் அது. கேட்டான். ஒரு சந்தோசமும் வரல. கிருபாசங்கர் ஸ்கோப்பை எறக்கிட்டு, "நான் தெரிஞ்சனாடா உனக்கு?"ன்னு கேட்டான்.

"மூஞ்சி வரைக்கும் தெரிஞ்சுதுங்கண்ணா."

"இதென்ன, நடுவுல கூட்டல் நிக்குது? உங்கிட்டத்தான் துப்பாக்கியே இல்லையே கண்ணு."

கிருபாசங்கர் ஒண்ணும் மனசுல வெச்சுக் கேக்கல. தெரியாமத்தான் கேட்டான். நஞ்சுண்டனுக்குத்தான் வேலி முள்ளு மாதிரி அது சுருக்குன்னு குத்துச்சு. அண்ணன் ஒரே ஒரு தரம், பன்னின்னு நெனச்சுக் குறி வெச்சான். நான் ஒவ்வொரு சனிக்கெழமையும், அண்ணன்னு தெரிஞ்சே வெச்சனேன்னு நெனைச்சான். துப்பாக்கி இல்லாததுதான் மிச்சம். நெனைக்க நெனைக்க அவனுக்கே தன் மேல அருவருப்பா இருந்துச்சு. அண்ணன் கையில ரத்தம் வந்துட்டு இருந்ததைப் பாத்து, தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துச் சுத்தி விட்டான்.

திங்கக்கெழமை கடை தெறக்கற நேரம் பாத்து உவைஸுக்குப் போன் போட்டான். ஏதாச்சும் கம்ப்ளெயிண்டுங்களான்னு அவர் பதறிட்டார். அதெல்லாம் இல்லைங்க, சாமான் நல்லாத்தான் இருக்குதுன்னான் நஞ்சுண்டன். அப்பறம், அந்த நடுவுல இருக்கற கூட்டலை மட்டும் எடுத்துப்போட முடியுங்களா, எத்தனை செலவானாலும் செரின்னு கேட்டான்.

"செலவே இல்லைங்க," உவைஸ் சிரிச்சார். "மெனுவுல போயி ஆஃப் பண்ணிக்கலாம். அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டீங்க."